இரத்தத்தில் ஏறும் இரும்பு

பிள்ளைகளின் பிழைகளைத் திருத்திப் பழகிய கைக்குத் தன் பிழையை எழுதுவது எளிதன்று. ஆயினும், இக்கட்டுரையை நமது பிழையொன்றிலிருந்துதான் தொடங்கவேண்டியிருக்கிறது.

யட்டியாந்தோட்டைப் பக்கத்து மலைத்தோட்டம் ஒன்றிலிருந்து நமது கல்லூரிக்கு ஒரு மாணவன் வந்துகொண்டிருந்தான். படிப்பது பத்தாம் வகுப்பு. பார்வைக்கு ஆறாம் வகுப்புப் பிள்ளை. முகம் வெளிறியிருக்கும், கண்ணின் வெள்ளை இலேசான மஞ்சள் காட்டும். மாதந்தோறும் தவறாமல் இரண்டு நாட்கள் வகுப்புக்கு வரமாட்டான். முன்வரிசையில் அமர்ந்திருந்த அவனை நாம் செல்லமாகக் "குட்டி" என்று அழைத்து வந்தோம். ஒருநாள் வரவுப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, "குட்டிக்கு மாதத்துக்கு ஒரு திருவிழாவோ?" என்று கேட்டோம். வகுப்பு முழுவதும் சிரித்தது. அவனும் சிரிக்க முயன்று, தலையைக் குனிந்துகொண்டான்.

மறுநாட் காலை அவனுடைய தாயார் வந்தார். நெற்றியில் கொழுந்துக் கூடையின் கயிறு பதித்த தழும்பு. அன்றையப் பேரை இழந்துவிட்டு, இரண்டு பஸ் ஏறி வந்திருந்தார்.

"சேர், அவன் சோம்பேறி இல்லீங்க. மாசத்துக்கு ஒருக்கா ரத்தம் ஏத்தலேன்னா அவனால மலை ஏற முடியாதுங்க. முன்னமே சொல்லியிருக்கணும். சொல்லக் கூச்சமா இருந்திச்சுங்க."

கூச்சப்பட வேண்டியவர் அவரல்லர், நாமே. விஞ்ஞானம் கற்பிக்கும் நாம், நம் கண்ணெதிரே அமர்ந்திருந்த நோயை அறியவில்லை. அன்று தொடங்கிக் கற்றவற்றையே இங்கு வாசகர்களுக்குச் சொல்ல முற்படுகிறோம்.

பெயருக்குள் ஒரு கடல்

அந்நோயின் பெயர் தலசீமியா. கிரேக்க மொழியில் "தலசா" என்றால் கடல். 1925ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெட்ரோயிட் நகரத்துக் குழந்தை வைத்தியரான தோமஸ் கூலி என்பவர் இதனைத் தனி நோயாக முதலில் விவரித்தார். அவர் கண்ட குழந்தைகள் மத்தியதரைக் கடலோர நாடுகளிலிருந்து குடியேறியவர்களின் பிள்ளைகள். ஆகவே கடலின் பெயர் நோய்க்கு ஒட்டிக்கொண்டது. உண்மையில் இது அக்கடலோரத்துக்கு மட்டும் உரியதன்று. இந்தியா, இலங்கை, பர்மா, தாய்லாந்து என நீளும் பெரும் பரப்பெங்கும் இது பரவியிருக்கிறது.

நமது இரத்தத்தின் செந்நிறத்துக்குக் காரணம் ஈமோகுளோபின் என்னும் பொருள். சுவாசப்பையிலிருந்து ஒட்சிசனைச் சுமந்து உடலெங்கும் கொண்டு சேர்ப்பது அதுவே. அதனை ஆக்குவதற்கான கட்டளை, தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரு பிரதிகளில் பிள்ளைக்கு வருகிறது. ஒரு பிரதியில் மட்டும் பழுது இருந்தால் அவர் "காவி" எனப்படுவார். அவர் நோயாளியல்லர். மலை ஏறுவார், கவ்வாத்து வெட்டுவார், எண்பது வயது வரை வாழ்வார். தாம் காவியென்பதை அறியாமலே மறைந்தும் போவார். இரு பிரதிகளும் பழுதுபட்டால்தான் நோய். தாயும் தந்தையும் காவிகளாயின், ஒவ்வொரு பிரசவத்திலும் பிள்ளை நோயோடு பிறக்க நாலில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. காவியாய்ப் பிறக்க நாலில் இரண்டு பங்கு. பழுதின்றிப் பிறக்க நாலில் ஒரு பங்கு. "முதற் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைகளுக்கு வராது" என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். அது தவறு. ஒவ்வொரு முறையும் சோழி புதிதாகவே உருட்டப்படுகிறது.

இலங்கையில் இந்நோயை ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் ஆங்கில மருத்துவ அறிஞர் சேர் டேவிட் வெதரோல். 1950களின் பிற்பகுதியில் இராணுவ மருத்துவராகச் சிங்கப்பூரில் இருந்தபோது, கூர்க்காப் படைவீரர் ஒருவரின் குழந்தையிடம் இந்நோயைக் கண்டவர் அவர். அன்று தொட்டு 2018இல் மறையும் வரை அதனை விடவில்லை. அவரும் இலங்கை வைத்தியர்களும் சேர்ந்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, இத்தீவில் பீற்றா தலசீமியாக் காவிகள் நூற்றுக்கு இருவர் அளவில் இருப்பதாயும், எக்காலத்தும் இரண்டாயிரம் பேருக்கு மேல் சிகிச்சை வேண்டியிருக்கும் என்றும் கணக்கிட்டது. அந்த ஆராய்ச்சியின் நடுநாயகமாய் விளங்கியது குருநாகல் வைத்தியசாலை. குருநாகல் நமது கேகாலை மாவட்டத்தின் அண்டைவீடு என்பதை யாவரும் அறிவர்.

கேகாலை கண்ட கொள்ளை

இத்தகைய தீய பழுது தலைமுறை தலைமுறையாக அழியாமல் நிலைத்தது எப்படி? 1949ஆம் ஆண்டில் ஜே. பி. எஸ். ஹால்டேன் என்னும் பேரறிஞர் இதற்கு ஒரு விடை கூறினார். காவிகளின் இரத்தம் மலேரியாக் கிருமிக்கு உகந்ததாய் இல்லை. ஆகவே மலேரியா வாரிச் சென்ற ஊர்களில் காவிகள் எஞ்சினர்; அவர்தம் மக்கள் பெருகினர். பிற்கால ஆய்வுகள் இக்கருத்துக்கு வலுவூட்டின.

மலேரியாவின் கொடுமையைச் சபரகமுவைக்கு எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. 1934ஆம் ஆண்டில் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. மகா ஓயாவும் களனி கங்கையும் ஓட்டமிழந்து குட்டை குட்டையாய்த் தேங்கின. நுளம்பு பெருகிற்று. அவ்வாண்டின் இறுதியிலும் 1935இலும் எழுந்த கொள்ளையில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். மிகக் கொடிதாய்த் தாக்கப்பட்ட மாவட்டங்களுள் கேகாலை முன்நின்றது.

இலங்கை மலேரியாவை ஒழித்துவிட்ட நாடென்று உலக சுகாதார ஸ்தாபனம் 2016ஆம் ஆண்டு செப்டெம்பரில் சான்று வழங்கியது. கள்வன் ஒழிந்தான். ஆனால், அவனுக்கு அஞ்சி வீட்டுக்குள் அமர்த்திய காவற்காரன் இன்னும் வெளியேறவில்லை; அவனுக்குத் தீனி போடுபவர்கள் நம் குழந்தைகள்.

உயிர் தரும் இரத்தமே சுமையாகும்போது

கடும் தலசீமியாவோடு பிறந்த குழந்தை, முதற் சில மாதங்கள் நன்றாகவே இருக்கும். கருப்பையில் அதற்கென இயற்கை அமைத்த வேறொரு ஈமோகுளோபின் அதுவரை கைகொடுக்கும். அது குறையக் குறையக் குழந்தை வெளிறும். பால் குடிக்கக் களைக்கும். மண்ணீரல் வீங்கி வயிறு புடைக்கும். நம் தோட்டங்களில் வெளிறிய பிள்ளையைக் கண்டதும் சத்துக்குறைவென்று இரும்புக் குளிசை கொடுப்பது வழக்கம். பெரும்பாலோர்க்கு அது பொருந்தும். ஆனால், தலசீமியாக் குழந்தைக்கு அது எரிகிற வீட்டில் எண்ணெய் வார்ப்பது போன்றது. நமது மாணவனும் குழந்தைப் பருவத்தில் சில மாதங்கள் இரும்புச் சத்து மருந்தையே குடித்திருக்கிறான்.

சிகிச்சை யாது? மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றவேண்டும். முகமறியாத எவரோ கைம்மாறு கருதாது தந்த இரத்தம், பிள்ளையின் கன்னத்தில் செம்மையை வரவழைக்கும். ஆனால், ஒவ்வொரு பை இரத்தத்திலும் 200 மில்லிகிராமுக்குக் குறையாத இரும்பு இருக்கிறது. மனித உடலோ நாளொன்றுக்கு ஒன்று இரண்டு மில்லிகிராம் இரும்பையே இழக்கிறது. மிகுதியை வெளியேற்ற இயற்கை வழி வைக்கவில்லை. வரவு மலைபோலவும் செலவு மணல்போலவும் ஆனால் என்னாகும்? எஞ்சிய இரும்பு இருதயத்திலும் ஈரலிலும் படிகிறது. அத்தோடு நில்லாமல் ஓமோன்களைச் சுரக்கும் சுரப்பிகளிலும் குடியேறுகிறது.

மூளையின் அடியிலே பட்டாணிக் கடலையளவு கபச் சுரப்பி ஒன்றிருக்கிறது. பிள்ளை வளர்வதும், பையனின் குரல் உடைவதும், பெண் பருவமடைவதும் அதன் ஆணையாலேதான். இரும்பு அதனைக் கெடுத்தால் வளர்ச்சி தேங்குகிறது. சதையியைக் கெடுத்தால் நீரிழிவு. தைரொயிட் சுரப்பியைக் கெடுத்தால் சோர்வும் மந்தமும். நாம் "குட்டி" என்று அழைத்துச் சிரித்தது, உண்மையில் ஒரு சுரப்பியின் துயரத்தை.

பெண்பிள்ளையாயின் துயரம் இரட்டிக்கிறது. நம் லயங்களில் ஒரு பெண் பெரியவளானால் மாமன் சீர் கொண்டு வருவதும், தண்ணீர் ஊற்றுவதும், லயம் முழுவதும் கூடுவதும் வழக்கமன்றோ? பதினாறு பதினேழு வயதாகியும் அந்நாள் வராத பெண்ணின் தாய், அயலாரின் விசாரிப்புக்கு எத்தனை முறை முகத்தைத் திருப்பிக்கொள்வாள்! அது பெண்ணின் குற்றமன்று, சாபமுமன்று. குறைந்த ஓமோனை மருந்தாகக் கொடுத்து வைத்தியர்கள் பெரிதும் சீர்செய்யலாம். காலந் தாழ்த்தாது போகவேண்டும், அவ்வளவே. ஆகவேதான் இந்நோயுடைய பிள்ளையின் உயரத்தை ஒழுங்காக அளப்பதும், பத்து வயதை அண்டியதும் ஆண்டுதோறும் சீனி, தைரொயிட், கல்சியம் முதலியவற்றைப் பரிசோதிப்பதும் அவசியம் என்கிறார்கள்.

இரும்பை வெளியேற்றும் மருந்துகளும் உண்டு. 1960களிலிருந்து வழங்கிவரும் டெஸ்பெரியொக்சமின் அவற்றுள் மூத்தது. அதனை இரவில் எட்டுப் பத்து மணி நேரம், தோலின் கீழ் ஊசி செருகி, சிறு பம்பின் வழியாகச் செலுத்தவேண்டும். வாரத்தில் ஐந்து இரவுகளுக்குக் குறையாமல். ஒற்றைக் காம்பராவில் ஐந்து பேர் படுத்துறங்கும் லயத்தில் இதனை நடத்திய தாய்மாரை வீரத் தாய்மார் என்றே சொல்வோம். பின்னர், வாயால் உட்கொள்ளும் டெபெரிப்ரோன், டெபெரசிரொக்ஸ் ஆகியவை வந்து சுமையைக் குறைத்தன.

இங்கே இன்னொன்றும் கூறவேண்டும். இலங்கையில் பலருக்கு இருப்பது ஈமோகுளோபின் ஈ என்ற வேறொரு மாற்றமும் கலந்த வகை. அதன் கடுமை ஆளுக்கு ஆள் வேறுபடும். குருநாகலில் அந்நோயாளரைப் பல ஆண்டுகள் கவனித்து 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, அவர்களுட் பலர் தொடர்ந்து இரத்தம் ஏற்றாமலே நலமாய் வாழக்கூடியவர்கள் என்று காட்டியது. ஆராய்ச்சி என்பது புதுமருந்தைக் கண்டுபிடிப்பது மட்டுமன்று. வேண்டாத சிகிச்சையை நிறுத்துவதும் ஆராய்ச்சியே.

மற்றுமொரு செய்தி நம் தோட்டத்தவர்க்கு வியப்பளிக்கும். உணவோடு அருந்தும் சாயத் தேநீர், உணவிலுள்ள இரும்பை உடல் உறிஞ்சுவதைக் குறைக்கிறது. ஆதலால் தலசீமியா நோயாளர்க்கு, சிறப்பாக இரத்தம் அதிகம் ஏற்றாதவர்க்கு, அது நன்மை; இரும்புக் குறைவால் சோகையுற்ற தாய்மார்க்கோ அதே தேநீரைச் சாப்பாட்டு வேளையில் தவிர்ப்பது நன்மை. தாய் பறித்த கொழுந்து மகனுக்கு உதவுகிறது. தாய்க்கே ஆகாது போகிறது.

மூலக்கலத்தின் மகிமை

நிற்க. இதனை அடியோடு மாற்ற வழியே இல்லையா? உண்டு.

எலும்பின் உள்ளே மச்சை இருக்கிறது. அதற்குள்ளே மூலக்கலங்கள் எனப்படும் நுண்ணிய கலங்கள் வாழ்கின்றன. மருத்துவர் "ஸ்டெம் செல்" என்பது இவற்றையே. நாற்றுமேடையிலிருந்து வயலெல்லாம் நிரம்புவதுபோல், இரத்தத்தின் எல்லாக் கலங்களும் இவற்றிலிருந்தே பிறக்கின்றன. பழுதான நாற்றுமேடையை மருந்தினால் அழித்துவிட்டு, நல்ல மூலக்கலங்களை இரத்தக் குழாய் வழியே செலுத்தினால், அவை தாமே வழிகண்டு எலும்புக்குள் புகுந்து வேரூன்றுகின்றன. அமெரிக்க மருத்துவர் டொனல் தோமஸ் 1950களில் தொடங்கி, தோல்வி பல கண்டும் தளராது இம்முறையை உருவாக்கினார். 1981ஆம் ஆண்டு டிசெம்பரில் சியாட்டில் நகரில், இரண்டு வயதும் நிரம்பாத தலசீமியாக் குழந்தைக்கு அவரது குழுவினர் மச்சை மாற்றம் செய்தனர், குழந்தை குணமடைந்தது. 1990இல் தோமசுக்கு நொபெல் பரிசு கிடைத்தது.

இத்தாலியின் பெசாரோ நகரில் குயிடோ லூக்கரெல்லி என்பவர் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு இச்சிகிச்சையைச் செய்து, முக்கியமானதோர் உண்மையை நிலைநாட்டினார். ஈரல் பெருக்காமல், அதில் தழும்பு விழாமல், இரும்பு ஒழுங்காக அகற்றப்பட்ட குழந்தைகளிடத்தே வெற்றி மிகுதி. பத்துப் பேரில் ஏறக்குறைய ஒன்பது பேர் பிழைத்து நலம்பெறுவர். இரும்பேறி ஈரல் கெட்ட பின் வருவோர்க்கு அபாயம் அதிகம். ஆகவே, "மருந்தை விட்டுவிட்டுப் பின்னர் ஒரேயடியாய் மாற்றிக்கொள்ளலாம்" என்பது பேதைமை. இன்று விழுங்கும் குளிசையே நாளைய வெற்றிக்கு அத்திவாரம்.

நம் முன்னோர் கப்பலேறிய தமிழகத்திலே, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1986ஆம் ஆண்டில் டொக்டர் மாம்மன் சாண்டி அவர்களின் முயற்சியால் மச்சை மாற்றச் சிகிச்சையைத் தொடங்கிற்று. அங்கு இச்சிகிச்சை பெற்றோரிற் பலர் தலசீமியாக் குழந்தைகள். வறுமையாலும் தூரத்தாலும் காலந் தாழ்த்தி வந்த பிள்ளைகளே அவர்களுட் பலர். பெசாரோவின் கணக்கில் அபாய வகுப்பினர். அவர்களுக்கென மருந்து முறையை மாற்றியமைத்து, ட்ரியோசல்பான் என்னும் மருந்தைச் சேர்த்தபின் பலன் வெகுவாக உயர்ந்ததென அங்குள்ள ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்டனர். இலங்கையிலும் அண்மைக் காலத்தில் மச்சை மாற்றம் நடைபெற்று வருகிறது.

ஆனால், இச்சிகிச்சைக்கும் ஒரு விலை உண்டு. அழிக்கும் மருந்துகள் பிற்காலத்தில் பிள்ளைப்பேற்றைப் பாதிக்கலாம். மாற்றிய மச்சை உடலோடு பகைக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பொருத்தமான கொடையாளர் வேண்டும். உடன்பிறந்தவர் ஒருவர் பொருந்துவதற்கு வாய்ப்பு நாலில் ஒன்றுதான். நமது மாணவனுக்கு ஒரே ஒரு தமக்கை. தம்பிக்குத் தன் மச்சையைத் தருவதற்கு அவள் ஆவலோடு ஊசிக்குக் கையை நீட்டினாள். பொருந்தவில்லை. "என் ரத்தம் தம்பிக்கு உதவாதா சேர்?" என்று அவள் கேட்டதற்கு நம்மிடம் விடையில்லை.

இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. நோயாளியின் சொந்த மூலக்கலங்களையே வெளியே எடுத்து, அவற்றின் பரம்பரை அலகில் ஒரு திருத்தம் செய்து, கருப்பைக் காலத்து ஈமோகுளோபினை மீண்டும் சுரக்கச் செய்து, திருப்பிச் செலுத்தும் சிகிச்சைக்கு 2023ஆம் ஆண்டு நவம்பரில் பிரித்தானியா உலகில் முதன்முதலாக அனுமதி வழங்கியது. கொடையாளர் தேவையில்லை. அமெரிக்காவில் அறிவித்த விலையோ ஒருவருக்கு 22 இலட்சம் டொலர். விஞ்ஞானம் மலையுச்சியை அடைந்துவிட்டது. லயத்து வாசலுக்கு இறங்கிவர இன்னும் நாளாகும்.

பேசவேண்டிய பேச்சு

குணப்படுத்துவது இத்துணை அரிதாயின், வராமற் காப்பது எத்துணை எளிது என்பதைப் பாருங்கள். காவியா அன்றா என்பதைச் சிறிதளவு இரத்தம் எடுத்துப் பரிசோதித்து அறியலாம். காவியொருவர், காவியல்லாத ஒருவரை மணந்தால் பிள்ளைக்குக் கடும் நோய் வராது. இந்நாட்டின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை, தாயின் உயிரைக் காக்க அன்றிக் கருவைக் கலைக்க இடந்தருவதில்லை. ஆகவே அறியவேண்டிய காலம் கலியாணத்துக்கு முன்புதான். சைப்பிரசுத் தீவில் ஒருகாலம் இந்நோய் பெரும் பாரமாய் இருந்தது. மணமக்கள் பரிசோதனையை வழக்கமாக்கியதும் முக்கிய காரணமாக, அங்கே நோயோடு பிறக்கும் குழந்தைகள் அருகிவிட்டனர்.

நமக்கோ ஒரு சிக்கல் அதிகம். மாமன் மகளையும் அத்தை மகனையும் மணப்பது நம்மவரின் உரிமை, உறவின் அழகு. ஆனால், ஒரே பாட்டனிடமிருந்து வந்த பழுது இருபுறமும் இருக்கும் வாய்ப்பும் அங்கேதான் அதிகம்.

மாணவனின் தமக்கைக்கு அவளுடைய தாய்மாமன் மகனையே பேசியிருந்தார்கள். பெற்றோர் இருவரும் காவிகள், பெண்ணுக்கு நோயில்லை, ஆகவே அவள் காவியாயிருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. இருவரும் பரிசோதித்துக்கொள்ளட்டும் என்று நாம் வலியச் சென்று சொன்னோம். மாமன் வெகுண்டார்: "எங்க ரத்தத்துல குத்தமுன்னு சொல்ல வந்தீங்களா சேர்?" நாம் திரும்பி வந்துவிட்டோம். இரண்டு வாரத்தின் பின், அந்தப் பையன் ஒருவருக்கும் சொல்லாமல் தானாகவே சென்று பரிசோதித்துக்கொண்டான். பெண் காவி. அவனும் காவி.

கலியாணம் நின்றது. அதற்கு நாமே காரணம். சிறுவயது முதல் ஒருவரையொருவர் எண்ணியிருந்த இருவரைப் பிரித்தோமே என்ற உறுத்தல் நம்மை விட்டு இன்னும் நீங்கவில்லை. மாமன் இன்றுவரை நம்மோடு பேசுவதில்லை. ஆனால், அந்தப் பெண் நம்மிடம் சொன்னது இது: "தம்பி படுற பாட்டைப் பக்கத்துல இருந்து பாத்தவ நான். தெரிஞ்சுக்கிட்டே இன்னொரு புள்ளைய அந்தக் கட்டில்ல படுக்கவைக்க மாட்டேன் சேர்." பின்னர் அவளை இறக்குவானைப் பக்கம் மணமுடித்துக் கொடுத்தார்கள், மாப்பிள்ளை காவியல்லர் என்பதைப் பார்த்தபின்பே நாள் குறித்தார்கள்.

சாதகம் பார்க்கிறோம், பொருத்தம் பத்தும் பார்க்கிறோம், நகை, நாள், கிழமை யாவும் பார்க்கிறோம். பதினோராவது பொருத்தமாக இந்த இரத்தத்தையும் பார்த்தால் என்ன குறைந்துவிடும்? பேச்சு முற்றியபின் பார்த்தால் மனம் உடையும். ஆகவே பேச்சுத் தொடங்குமுன், பள்ளிப் பருவம் முடியும்போதே, ஆணும் பெண்ணும் அறிந்து வைத்திருப்பதே சிறந்தது. காவியென்பது இழுக்கன்று, அறியாமையே இழுக்கு. மாணவர்களே, இவ்விஷயத்தில் வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு நீங்களே ஆசிரியர்களாகுங்கள். உடல்நலமுடைய இளைஞர்கள் இரத்ததானமும் செய்யுங்கள். உங்களிடம் ஊறும் அந்த ஒரு பை, ஏதோ ஒரு தோட்டத்துப் பிள்ளைக்கு நான்கு வாரப் பள்ளிக்கூடம்.

நமது மாணவன் இப்பொழுது குளிசையைத் தவறவிடுவதில்லை. ஓமோன் சிகிச்சையும் நடக்கிறது. சென்ற தவணையில் பாடமொன்றை உரக்க வாசிக்கச் சொன்னோம். நடுவிலே குரல் திடீரென்று உடைந்து தடித்தது. வகுப்பு சிரித்தது; இம்முறை அவனும் வாய்விட்டுச் சிரித்தான். நாம் அவனைப் பெயர் சொல்லி அழைத்து, மேலே வாசிக்கச் சொன்னோம்.